கமலநாயகியின் தண்ணீர்

கமலநாயகி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்பவர் முதலில் ஒரு பார்வையைத் தாங்க வேண்டும். இவர் வாய் வைத்துக் குடிக்கிற ஆளா, அண்ணாந்து குடிக்கிற ஆளா என்று எடை போடுகிற பார்வை. வாய் வைக்கிறவர்களுக்கென்று அலுமாரியின் கீழ்த்தட்டில் ஆறு கண்ணாடிக் கிளாசுகள் தனியாக இருக்கின்றன. அவை தனியாகவே கழுவப்படும், தனியாகவே காயும். வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரிந்தவர்களுக்கும் பித்தளை மூக்குப்பேணி. பக்கவாட்டில் மூக்குப் போல நீண்ட வாயுள்ள அந்தப் பேணியைத் தூக்கிச் சரித்தால் உதடு படாமலே தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் இப்படி ஒரு பேணியைத் தினமும் பாவிக்கிற வீடு வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

“ஜெர்மன்காரனுக்கே சுத்தம் படிப்பிக்க எண்டு வந்தவ,” என்று அவள் கணவர் தம்பித்துரை வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வயர் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்ற மனிதர். சிரிப்பாரே தவிர அவரும் பேணியில் வாய் வைக்க மாட்டார். ஒருமுறை வைத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

கமலநாயகி பிறந்தது புங்குடுதீவில். அங்கே கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும், வாயில் வைத்தால் உப்பு. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு இரண்டு கட்டை தூரம் நடக்க வேண்டும். இருபத்தொரு வயதில், எண்பத்தெட்டாம் ஆண்டு, கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தாள். அகதி முகாமில் ஒரு அதிகாரி அவளுடைய பத்திரத்தை நிரப்பினார். அவர் கேட்டது ஜெர்மனில். அவள் சொன்னது தமிழிலும் பள்ளிக்கூட ஆங்கிலத்திலும். பத்து வருடம் கழித்து, ஜெர்மன் ஓரளவு வாசிக்க வந்த பிறகு, பழைய தாள்களை அடுக்கும்போது அந்தப் பத்திரம் கையில் அகப்பட்டது. ‘மொழியறிவு’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. உயர்தரப் பரீட்சையில் தமிழுக்கு ‘ஏ’ எடுத்தவள் அவள். தாளைக் கிழிக்கவில்லை. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்து வைத்தாள். கோபம் தேவைப்படும் நாட்களில் எடுத்துப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்கினாள், பிஸ்கட் பெட்டி கட்டினாள், மதீசனையும் தேனுஜாவையும் பெற்று வளர்த்தாள். முப்பத்து நான்காவது வயதில் ஒரு குறுகிய பயிற்சி முடித்து முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தாள். இருபத்து மூன்று வருடமாக உதவியாளர்தான். மேலே போக அவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்படிப்புப் படிக்க வேண்டும்; பிள்ளைகள் படிக்கட்டும் என்று இவள் படிக்காமல் விட்டாள். ஆகவே அவள் ஆட்களைத் தூக்கலாம், கழுவலாம், ஊட்டலாம். அபிப்பிராயம் சொன்னால் மட்டும் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

அந்த இல்லத்துக்குச் செப்டெம்பர் நடுவில் ஹெர் ரெகா, அதாவது திரு. ரெகா, வந்தார். எண்பத்தொரு வயது. கிழக்கு இந்தோனேசியாவில் வேரோ என்ற சின்னத் தீவில் பிறந்தவர்; ஜெர்மன் சரக்குக் கப்பல்களில் சமையற்காரராக உலகத்தைச் சுற்றி, எர்னா என்ற ஹம் நகரத்துப் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர். பிள்ளைகள் இல்லை. ஆகஸ்டில் எர்னா இறந்துபோனார். அடுத்த கிழமையே இவருக்குப் பக்கவாதம். வலது கை விழுந்தது. ஐம்பது வருடம் பேசிய ஜெர்மன் அடியோடு போய்விட்டது. வாயில் மிஞ்சியிருந்த பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கோவையில் இப்படி எழுதியிருந்தது: ‘வாய்மொழித் தொடர்பு சாத்தியமில்லை. பொருளற்ற ஒலிகள்.’

இதை வாசித்த அன்று கமலநாயகிக்கு வீட்டிலிருக்கிற பழைய தாளை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. கோபம் தானாகவே வந்தது.

பேச்சைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். ஹெர் ரெகா கஞ்சி தின்பார், பழக்கூழ் தின்பார். குவளையைக் கண்டால் கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார், கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார், ஏதோ சொல்வார், பிறகு வாயை இறுக்கி மூடிவிடுவார். கெஞ்சினார்கள், அதட்டினார்கள், பழச்சாறு கொடுத்தார்கள், உறிஞ்சு குழல் வைத்தார்கள். கல்லில் நார் உரிக்கிற கதைதான். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி வழியாகச் சேலைன் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் வந்து பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனாள்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பகுதிப் பொறுப்பாளர் பிறிங்மான் காலைக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னார். நாற்பது வயதுப் பெண்மணி, கெட்டவர் இல்லை, எப்போதும் இரண்டு பேருடைய வேலையை ஒருத்தியாகச் செய்துகொண்டிருப்பவர்.

“ஹெர் ரெகா வாழ விரும்பவில்லை என்று டாக்டர் நினைக்கிறார். நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வியாழன் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டெர்மீன், நேரம் குறித்தாயிற்று. வயிற்றில் குழாய் வைக்கப் போகிறார்கள்.”

“அந்தாளுக்கு நல்ல தண்ணி விடாய்,” என்றாள் கமலநாயகி. பேசியது ஜெர்மன்தான், ஆனால் அவள் வாயில் எந்த மொழியும் யாழ்ப்பாணத்து நடையில்தான் நடக்கும், ஆகவே இங்கேயும் அப்படியே வரட்டும். “காலமை நான் முகம் துடைக்கேக்கை ஈரத் துணியைப் பல்லாலை பிடிச்சு உறிஞ்சினவர். சாக நினைக்கிறவன் துணியை உறிஞ்சுவானோ? குடிக்க மாட்டன் எண்டு அவர் சொல்லேல்லை. ஏதோ கேக்கிறார். ஒவ்வொரு தரமும் அதே கேள்வி.”

“என்ன கேள்வி?”

“அது எனக்கு விளங்கேல்லை.”

பிறிங்மான் பெருமூச்சு விட்டார். “உங்களுக்கும் விளங்கவில்லை அல்லவா?” என்று சொல்லி அடுத்த ஆளின் கோவையைத் திறந்தார்.

கமலநாயகி பிடித்தால் உடும்புப் பிடி. நோயாளர்களின் பேச்சைத் தொலைபேசியில் பதிவு செய்ய இல்லத்தில் அனுமதி கிடையாது. காதால் கேட்டு எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டியின் கிழித்த தாள்களைக் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். மூன்று வேளையும் தண்ணீர் கொண்டுபோய் நீட்டுவாள். அவர் சொல்வதைத் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதுவாள். ஞாயிறு காலைக்குள் ஏழு தாள் நிறைந்தது. அவற்றில் ஒரு வரி ஏழு தாளிலும் அப்படியே இருந்தது.

இனி இதை விளங்குகிற ஆள் வேண்டும். அவளோடு முன்பு பிஸ்கட் கட்டிய இமெல்டா ஒருமுறை தங்கள் கோயிலுக்கு இந்தோனேசியாவிலிருந்து ஒரு பாதர் வந்திருப்பதாகச் சொன்னது நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கமலநாயகி நெற்றியில் திருநீறோடு மாதா கோயிலின் பின்வரிசை வாங்கில் போய் இருந்தாள். பூசை முடிந்ததும் இமெல்டா அவளைப் பாதரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

கமலநாயகி தாள்களை எடுத்து உரக்க வாசித்தாள். பாதர் தலையைச் சரித்துக் கேட்டார். “இது இந்தோனேசிய மொழி இல்லை,” என்றார். “எங்கள் நாட்டில் நூற்றுக்கணக்கான மொழிகள். என் தாய்மொழிக்கும் இது கொஞ்சம் சொந்தம் மாதிரி இருக்கிறது, ஆனால் எனக்கு விளங்கவில்லை. வேரோ ஆட்கள் எங்கள் கரைக்கு மீன் கொண்டு வருவார்கள். அவர்கள் தங்களுக்குள் இப்படித்தான் பேசுவார்கள். மூன்றே ஊர். இதற்குப் புத்தகமும் இல்லை, அகராதியும் இல்லை.”

“அந்த மூண்டு ஊரிலை ஒரு சனமும் ஜெர்மனிக்கு வரேல்லையோ பாதர்?”

பாதர் யோசித்தார். தொலைபேசியை எடுத்து யார் யாருக்கோ எழுதினார். திங்கட்கிழமை பின்னேரம் கமலநாயகிக்கு ஒரு இலக்கம் வந்தது. மார்த்தா என்ற பெண்; பிராங்பேர்ட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை.

கமலநாயகி குசினி மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். மறுபக்கத்திலிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாவது தாளில் சிரிப்பு நின்றது. ஆறாவது தாளில் மார்த்தா மூக்கைச் சிந்துவது கேட்டது.

“மன்னியுங்கள்,” என்றாள் மார்த்தா. “எங்கள் பேச்சை யாரும் எழுதி நான் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தோனேசியன், கோயிலிலும் அதுதான். எங்கள் பேச்சு வீட்டுக்குள்ளும் கடற்கரையிலும் மட்டும். அதை ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டுவது இதுதான் முதல் தடவை.”

“உங்கடை மொழிக்கு என்ன பேர்?”

“மற்றவர்கள் தீவின் பெயரைச் சொல்வார்கள். எங்களுக்கு அது எங்கள் பேச்சு, அவ்வளவுதான்.”

“சரி, அவர் என்ன கேக்கிறார்?”

“ஒரே கேள்விதான். ‘இது யாருடைய தண்ணீர்?’”

வேரோவில் ஊற்று இல்லை, ஆறு இல்லை, மழைநீர்தான் என்று மார்த்தா விளக்கினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தன் தொட்டி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுத் தண்ணீர் முடிந்தது என்று தொட்டியைத் திறந்துவிடுவார்கள். துணையையோ தாயையோ இழந்தவர் தானாகக் குவளையைத் தொடக் கூடாது. வேறு வீட்டார் ஒருவர் வந்து, அவர் பார்க்கத் தான் முதலில் குடித்து, தன் பெயரைச் சொல்லி, மீதியைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு மறுபடியும் ஒரு வீடு. மூன்று பகல்கூட ஒருவரை அப்படிக் காத்திருக்க விட மாட்டார்கள்.

“எர்னா செத்து ரெண்டு மாசத்துக்கு மேலை,” என்றாள் கமலநாயகி. இத்தனை நாளும் மனிதர் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார், தாங்கள் அவருக்கு உறிஞ்சு குழல் வைத்திருக்கிறோம் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவருடைய அறையில் தொலைபேசியைக் கட்டிலருகே வைத்து மார்த்தாவைப் பேச வைத்தாள். பிறிங்மானும் வந்து நின்றார். முதல் சொல்லிலேயே ஹெர் ரெகா எழும்பப் பார்த்தார். இடது கையால் தொலைபேசியைப் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டார். கால் மணி நேரம் பேசினார், அழுதார், ஒருமுறை சிரித்தார். பொருளற்ற ஒலி என்று எழுதியவர் அந்த அறையில் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை. “என் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்,” என்று மார்த்தா சொன்னாள். “நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். பிராங்பேர்ட் என்றேன். அங்கிருந்து தண்ணீர் வராது என்கிறார். எனக்குச் சனிக்கிழமைதான் லீவு.”

டெர்மீன் வியாழன். பிறிங்மான் நீதிமன்றப் பொறுப்பாளரின் அலுவலகத்துக்கு அழைத்துப் பார்த்தார். அவர் விடுமுறையில் இருந்தார். டாக்டர், ‘சுவாரசியமான விஷயம், ஆனால் குடித்தால்தான் டெர்மீனை நிறுத்தலாம்’ என்றார்.

“அப்ப நான் குடுக்கிறன்,” என்றாள் கமலநாயகி.

பிறிங்மான் உடனே கையை உயர்த்தினார். “அவருடைய குவளையில் நீங்கள் வாய் வைக்க முடியாது. சுகாதார விதி. ஏதாவது தொற்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். எச்சரிக்கைக் கடிதம்தான் வரும்.”

சரி, விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் கமலநாயகிக்கு அது ஏலுமா? தன் எச்சிலை ஒரு பெரிய மனுஷருக்குக் கொடுப்பதை நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வழி அவளிடம் பிறந்ததிலிருந்தே இருந்தது. மார்த்தாவிடம் சொல்ல வேண்டிய வசனத்தைக் கேட்டுத் தமிழில் எழுதி, இரவெல்லாம் பாடமாக்கினாள். புதன்கிழமை காலை பளபளவென்று கழுவிய குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். தலையை அண்ணாந்து, குவளையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், உதடு படாமல், கடகடவென்று பாதியைக் குடித்தாள். ஐம்பது வருடப் பழக்கம் அது. சுகாதார விதியும் தப்பியது, எச்சிலும் படவில்லை. அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வசனத்தைச் சொல்லி, மீதியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

ஹெர் ரெகா அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் கஞ்சியும் தின்னவில்லை.

வசனத்தில்தான் பிழை விட்டேன் என்று நினைத்து அவள் இடைவேளையில் மார்த்தாவை அழைத்தாள்.

“வசனம் சரி,” என்றாள் மார்த்தா. “எப்படிக் குடித்தீர்கள்?”

கமலநாயகி சொன்னாள்.

“எங்கள் ஊரில் உதடு படாமல் குடிப்பது பகையாளி வீட்டில்,” என்றாள் மார்த்தா. “உன் தண்ணீர் எனக்கு வேண்டாம், நீயும் எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு.”

கமலநாயகி தொலைபேசியோடே உடுப்பு மாற்றும் அறையில் போய் இருந்து அழுதாள். மரியாதை செய்கிறேன் என்று நினைத்து மனிதரின் முகத்தில் அடித்துவிட்டாள்.

“இன்னொன்றையும் கேளுங்கள்,” என்று மார்த்தா தொடர்ந்தாள். “இது ஒரு நாள் காரியம் இல்லை. ஒருமுறை கொடுத்தால் அடுத்த பிறை தெரியும் வரை தினமும் நீங்களேதான் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் குடிக்கலாம், உங்களையும் விட்டுவிடலாம். விடாமல் வைத்திருக்க நினைத்தால் அவரே குடித்துவிட்டு உங்களுக்குத் தருவார். அப்படித் தந்தால் நீங்கள் அவருக்குச் சொந்தம். அவர் செத்தாலும் நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். யோசித்துச் செய்யுங்கள்.”

அன்று பின்னேரம் வீட்டில் தம்பித்துரை எல்லாவற்றையும் கேட்டார்.

“இஞ்சரப்பா, வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு ஏன் மடியிலை விடுறீர்? ஆரோ ஒரு கப்பல்காரன். குழாய் வைச்சால் வைக்கட்டுமே. உயிரோடைதானே இருப்பார்?”

“குழாய் வைச்சால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வருமோ?” என்றாள் கமலநாயகி. “அந்தாள் ரெண்டு மாசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விளங்காட்டி விட்டிருப்பன். இப்ப விளங்கியிட்டுது. எப்பிடி விடுறது?”

“உமக்கு ஏலுமோ? வாய் வைக்க?”

அவள் எழுந்துபோய் அந்தப் பழைய தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். தம்பித்துரை அதைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். அது வெளியே வந்துவிட்டால் இனிப் பேசிப் பிரயோசனம் இல்லை என்பது கல்யாணமான நாள் முதல் அவருக்குத் தெரியும்.

“சரி சரி. வெள்ளணப் போகவேணுமெல்லோ. நான் காரிலை கொண்டுபோய் விடுறன்,” என்றார்.

வியாழன் காலை ஆறு மணிக்கே அவள் ஹெர் ரெகாவின் அறையில் நின்றாள். கட்டிலருகே ஒரு புகைப்படம் உண்டு. தினமும் அதன் தூசியை அவள்தான் துடைப்பாள். இளம் எர்னா ஒரு நீலக் குவளையை உதட்டில் வைத்துக் குடிக்கிறார். பக்கத்தில் இருக்கும் இளம் ரெகா அழுது வீங்கிய முகத்தோடு அந்தக் குவளையையே பார்க்கிறார். காதலர்கள் கோப்பி குடிக்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இன்று சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாள். எர்னாவின் எழுத்தில், ‘நவம்பர் 1979. அவருடைய அம்மா இறந்த செய்தி வந்த நாள்’ என்று இருந்தது.

அவள் அலுமாரியைத் திறந்து, அடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் கிண்டினாள். நீலக் குவளை அங்கே இருந்தது. விளிம்பு உடைந்த பாத்திரங்கள் அறையில் இருக்கக் கூடாது என்ற இன்னொரு விதியின்படி, அதை வந்த முதல் நாளே எடுத்துப் பெட்டிக்குள் வைத்ததும் கமலநாயகிதான்.

இரண்டு தடவை முயன்றாள். ஏழு மணிக்கு ஒருமுறை, எட்டரைக்கு ஒருமுறை. இரண்டு தடவையும் குவளை உதடு வரை வந்து நின்றுவிட்டது. அவருடைய எச்சிலைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. இருபத்து மூன்று வருடமாக எத்தனை பேரின் வாயைத் துடைத்திருக்கிறாள். தன் எச்சிலைத் தகப்பன் வயதுள்ள ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது? அதுதான் அவளை விடவில்லை.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வண்டிக்காரர் இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். பின்னால் பிறிங்மான், கையில் பத்திரங்கள்.

ஹெர் ரெகா தள்ளுகட்டிலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டு நிமிசம் நில்லுங்கோ,” என்றாள் கமலநாயகி.

“பிறவ் தம்பித்துரை,” என்று அங்கத்தைய வழக்கப்படி கணவர் பெயரில் கூப்பிட்டார் பிறிங்மான், அவள் கையிலிருந்த நீலக் குவளையைப் பார்த்து, “விதி உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். கடிதத்தை எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்.”

குழாயில் குளிர்ந்த தண்ணீர் பிடித்தாள். கட்டிலருகே போய் அவருடைய இடது கையைத் தொட்டாள். அவர் கண் திறந்ததும், உடைந்த விளிம்புக்குப் பக்கத்தில் தன் இரண்டு உதட்டையும் அழுத்தி வைத்தாள். அவர் பார்க்க, மெதுவாக, பாதியைக் குடித்தாள். உதடு நடுங்கித் தண்ணீர் நாடியால் வழிந்தது. துடைக்கவில்லை. பாடமாக்கிய வசனத்தைச் சொன்னாள். இது கமலநாயகியின் தண்ணீர். நான் குடித்தேன். மீதி உங்களுடையது.

அவர் ஏதோ கேட்டார். எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்பார், சொல்லுங்கள் என்று மார்த்தா முன்பே சொல்லியிருந்தாள்.

“புங்குடுதீவு,” என்றாள் கமலநாயகி.

“புங்குடு,” என்று அவர் சொல்லிப் பார்த்தார். இடது கையை நீட்டிக் குவளையை வாங்கினார். அவள் உதடு பட்ட இடத்தைத் தேடித் திருப்பி, அந்த இடத்திலேயே வாய் வைத்து, ஒரே மூச்சில் முடித்தார். குவளையைத் திரும்ப நீட்டினார். அவள் நிரப்பினாள், குடித்தாள், கொடுத்தாள். நான்கு தடவை. நான்காவது தடவை உதடு நடுங்கவில்லை.

வண்டிக்காரரில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பிறிங்மான் பத்திரங்களை மடித்தார். “நீங்கள் போகலாம்,” என்று அவர்களிடம் சொன்னார். “குடிக்கிற மனிதருக்குக் குழாய் வைக்க நான் அனுப்ப முடியாது. டாக்டரோடு நான் பேசுகிறேன்.” பிறகு குடிநீர் அளவு எழுதும் தாளை எடுத்தார். “எவ்வளவு குடித்தார்?”

“நாலு அரைக் கப்.”

“மற்ற நாலு அரை?”

“நான்.”

பிறிங்மான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

“அந்தக் கோவையையும் எடுங்கோ,” என்றாள் கமலநாயகி. “பொருளற்ற ஒலி எண்டு கிடக்கிறதை வெட்டுங்கோ. எனக்கு முன்னாலை வெட்டுங்கோ.”

பிறிங்மான் வெட்டினார். ஆஸ்பத்திரி எழுதியதை வெட்டலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வெட்டினார். தாய்மொழி என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டார்.

“வேரோத் தீவின்ரை மொழி. உள்ளுக்கை இருக்கிறவைக்கு, எங்கடை பேச்சு. ரெண்டையும் எழுதுங்கோ.”

எச்சரிக்கைக் கடிதமும் திங்கட்கிழமை வந்தது, விதி விதிதானே. கமலநாயகி கையெழுத்து வைத்து ஒரு பிரதியை வாங்கிப் பழைய தாளோடு சேர்த்து வைத்தாள். ஆனால் அதே திங்கட்கிழமை பராமரிப்புத் திட்டத்தில் பிறிங்மான் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘தண்ணீர் பிறவ் தம்பித்துரை மட்டும் கொடுப்பார். எப்படி என்பது அவருக்குத் தெரியும்.’

பிறைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் அவள் போனாள், காலை, மத்தியானம், மாலை. லீவு நாளிலும் போனாள். டோர்ட்முண்டில் உறவுக்காரப் பிள்ளையின் சாமத்தியவீட்டுப் பூப்புச் சடங்கில் ஆராத்தி முடிந்ததும் சாப்பிடாமல் எழும்பி, கூறைச்சேலையோடு முதியோர் இல்லத்துப் படியேறினாள். “உங்கடை சம்பந்தி வீட்டுத் தண்ணிக்கு நேரமாச்சு,” என்று தம்பித்துரை கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு நக்கலடித்தார். சனிக்கிழமை வந்த மார்த்தா நாள் முழுக்க அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மட்டும் அவளிடம் வாங்கவில்லை. “அவருக்கு ஏற்கெனவே தண்ணீர் வீடு இருக்கிறதாம்,” என்று மார்த்தா மொழிபெயர்த்தாள்.

நாட்காட்டியில் மூன்றாம் பிறை என்று போட்டிருந்த நாளில் ஹம்முக்கு மேலே முழு முகில். அடுத்த நாளும் முகில். அதற்கடுத்த நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு, கார் தரிப்பிடத்துக்கு மேலே, மெல்லிசாகத் தெரிந்தது. கமலநாயகி அவருடைய சக்கர நாற்காலியை ஜன்னலருகே தள்ளிக் காட்டினாள். அவர் பார்த்துத் தலையாட்டினார்.

இன்றோடு முடிந்தது. இனி அவர் யாரிடமும் குடிக்கலாம். நல்ல விஷயம்தான், அவளுக்கும் ஓய்வு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் துவாயை மடிக்கிற சாட்டில் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றாள்.

பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஹெர் ரெகா இடது கையால் சக்கரத்தைத் தள்ளி முகம் கழுவும் தொட்டிக்குப் போயிருந்தார். நீலக் குவளையில் தண்ணீர் பிடித்தார். தானே பாதியைக் குடித்தார். அவளுக்கு நேரே நீட்டி, அவள் இத்தனை நாளும் மூன்று வேளையும் சொன்ன அதே வசனத்தை, பெயரை மட்டும் மாற்றிச் சொன்னார். இது ரெகாவின் தண்ணீர். நான் குடித்தேன். மீதி உன்னுடையது.

கமலநாயகி துவாயைக் கீழே வைத்தாள். குவளையை வாங்கினாள். அவர் உதடு பட்ட இடத்தைத் தேடித் திருப்பி, வாய் வைத்துக் குடித்தாள்.